துணை வருபவர் பெயர்

அக்டோபர் 6, ஞாயிறு

மில்லில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஒன்பது மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று இதில் எழுதாவிட்டால் யாரிடமாவது கத்திவிடுவேன்.

நேத்ரா காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். யாருடன்? மாலினியுடன். எதற்கு? சைக்கிள் ஓட்ட.

விவாகரத்தாகி நான்கு வருடம். மகள் என்னிடம்தான் இருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவள் அப்பா கிருபாகரன் வீட்டில். அப்படித்தான் பேசி முடிவானது. அதாவது ஒன்பது மணி வரை என் நேரம். மில்லில் நூல் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அன்று காலை ஆப்பம் சுடுவேன். அவள் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, சட்டியிலிருந்து நேராகத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே வாரம் முழுக்கப் பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்வாள்.

கிருபாகரன் இரண்டு வருடத்துக்கு முன்னால் மாலினியைக் கட்டிக்கொண்டார். அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, டைரியிடமும் சொல்லி வைக்கிறேன். மாலினிக்கு முப்பத்தாறு வயது, பிசியோதெரபிஸ்ட். ஞாயிறுதோறும் பேரூரிலிருந்து ஒரு குழுவாகச் சைக்கிளில் சுற்றப் போகிறார்கள், அதில் இவளும் உண்டு. தன் பழைய கியர் சைக்கிளை நேத்ராவுக்குக் கொடுத்து அவளையும் இழுத்துக்கொண்டாள். கிருபாகரன் வழக்கம்போல வெளியூர்.

"எட்டரைக்குள்ள கொண்டாந்து விட்டர்றனுங்க அக்கா" என்று வாசலில் நின்று சொன்னாள். எட்டரைக்கு வந்து குளித்து உடுத்தினால் ஒன்பது. என் நேரம் எங்கே போயிற்று?

அக்கா வேறு. நான் எப்போது இவளுக்கு அக்கா ஆனேன்?

அக்டோபர் 13, ஞாயிறு

ஆப்ப மாவு புளித்துவிட்டது. நேத்ரா வந்து நின்றபடியே இரண்டு ஆப்பத்தை விழுங்கினாள். பேச்செல்லாம் மாலினி. "மாலினி ஆண்ட்டி சொன்னாங்க, மேடு வர்றதுக்கு முன்னாடியே கியர மாத்திறணுமாம்." "மாலினி ஆண்ட்டி சொன்னாங்க, தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிச்சறணுமாம்." எண்ணினேன். பதினொரு தடவை.

"தண்ணி குடின்னு நானும் பதினாலு வருசமா சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"அது வேறம்மா."

என்ன வேறு? தண்ணீர் தண்ணீர்தானே.

அக்டோபர் 16, புதன்

சிறுவாணித் தண்ணீர் வந்தது, தொட்டி நிரப்பினேன். சிங்காநல்லூரில் என் தம்பி வீட்டு மொட்டை மாடியில் ஒரு கியர் சைக்கிள் இரண்டு வருடமாக வெயில் காய்கிறது. போன் செய்து கேட்டேன். "உனக்கெதுக்குக்கா?" என்று சிரித்தான். தருவாயா மாட்டாயா என்பதை மட்டும் சொல் என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அவர்கள் போன பிறகு, தம்பி கொண்டுவந்து கொடுத்த சைக்கிளைத் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். பத்தாவது வரை சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனேன், மறக்குமா? மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நாற்பத்தைந்து கிலோ, இன்றைக்கு எழுபத்தொன்று. சுடிதார் கால் செயினில் மாட்டிக் கிழிந்தது. கொடியில் துணிக்கு மாட்டும் கிளிப்பை எடுத்துக் கணுக்காலில் போட்டுக்கொண்டேன். சரியாக நின்றது.

அடுத்த வாரம் நானும் வருகிறேன் என்று நேத்ராவிடம் சொன்னேன். "நீ எதுக்கும்மா?" என்றாள். தம்பியும் அதே கேள்விதான் கேட்டான். இந்த வீட்டில் நான் எதற்கு என்பதை யாரும் கேட்காத நாளே இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

போனேன். பேரூர் கோவிலருகில் பதினெட்டுப் பேர். எல்லோரும் உடம்போடு ஒட்டிய உடையில். மாலினியின் உடையைப் பற்றி எழுத மாட்டேன். ரிட்டையரான ஆள் ஒருவர், கந்தவேல் சார், குழுவை நடத்துகிறார். என் காலில் துணி கிளிப்பைப் பார்த்துவிட்டு, "நல்ல ஐடியாங்க அம்மிணி" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஆலாந்துறை வரை போய்த் திரும்ப வேண்டும். நேத்ரா முதல் வளைவிலேயே காணாமல் போய்விட்டாள். மாதம்பட்டிக்குள் எனக்கு மூச்சு முட்டியது. உட்காரும் இடமெல்லாம் வலி. ஆனால் ஒரு விஷயம். திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பின்னால் மாலினி வந்துகொண்டிருந்தாள். போகும்போதும் பின்னால்தான், வரும்போதும் பின்னால்தான்.

டீக்கடையில் அவள் வந்து, "சீட்டு தாழ்ந்திருக்குதுங்க அக்கா. ரெண்டு விரக்கடை ஏத்துனீங்கன்னா முட்டி வலிக்காது" என்றாள். எனக்கு இப்படித்தான் வசதி என்றேன். கால் எட்டாமல் நான் எல்லோர் முன்னாலும் விழ வேண்டும், அவள் ஓடி வந்து தூக்க வேண்டும், நேத்ரா அதைப் பார்க்க வேண்டும். எனக்கா தெரியாது?

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மாலினி வீட்டிலிருந்து நேத்ராவுக்குச் சைக்கிள் கையுறை வந்தது. நான் எடுத்துக் கொடுத்த பாவாடை தாவணியைக் காலையில் கட்டினாள். கையுறையை நாள் பூராவும் போட்டிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டே அதிரசம் தின்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். மூன்று முறையும் மாலினி என் பின்னால். அவ்வளவு விலையுயர்ந்த சைக்கிள், அந்த உடை, ஊரார் முட்டியையெல்லாம் சரிபண்ணுகிற தொழில். ஆனாலும் நாற்பத்து மூன்று வயதுக்காரியை முந்த முடியவில்லை. மில்லில் நாளை சொல்ல வேண்டும்.

நேத்ரா முன்னால் தனியாகப் போகிறாள். முன்பெல்லாம் மாலினியும் அவளும் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே போவார்களாம், கந்தவேல் சார் சொன்னார். இப்போது அந்தப் பேச்சு இல்லை. திருப்தியாக இருக்கிறது. ஒளித்து எழுத என்ன இருக்கிறது, திருப்தியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 4, திங்கள்

மில்லில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

மறுபடியும் ஜெயித்தேன். இருட்டுப்பள்ளம் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன், அப்போதும் அவள் முந்தவில்லை. அவளும் இறங்கிவிட்டாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். என்னிடம் இருக்கிறது என்றேன். பாட்டில் காலி.

நவம்பர் 13, புதன்

வலது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. பரிசோதனை அறையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. நாற்பதாம் நம்பர் நூல் இழைக்கு இழை அறுந்துகொண்டிருந்தது, சூப்பர்வைசர் என்னைக் கேட்கிறார். பஞ்சைக் கேளுங்கள் என்றேன். தைலம் தேய்த்தேன்.

நவம்பர் 16, சனி

சைக்கிளைத் துடைத்தேன். துடைக்கும்போது சீட்டு தானாகக் கொஞ்சம் மேலே வந்துவிட்டது. அப்படியே முடுக்கிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

முட்டி வலி இல்லை. நல்ல தைலம்.

நவம்பர் 24, ஞாயிறு

டீக்கடையில் நான் கை கழுவப் போயிருந்தேன். திரும்பும்போது நேத்ராவின் குரல். "மாலிம்மா, இங்க பாருங்க, செயின் கழண்டுருச்சு." என்னைப் பார்த்ததும், "மாலினி ஆண்ட்டி" என்று மாற்றிக்கொண்டாள். மாலினி குனிந்து செயினை மாட்டினாள். நிமிரவே இல்லை.

எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

காஸ் புக் பண்ண வேண்டும். இட்லித் துணி வாங்க வேண்டும். அம்மா என்பது ஒரு ஆளுக்கு மட்டும் சொல்கிற சொல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரியைக்கூட அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள் நம் ஊரில், பூக்காரியை, கண்டக்டர் என்னை. அது வேறு. இது வேறு.

டிசம்பர் 1, ஞாயிறு

ஜனவரி 19 அன்று நூறு கிலோமீட்டர் ஓட்டம் என்று கந்தவேல் சார் அறிவித்தார். ஈச்சனாரியிலிருந்து பொள்ளாச்சி வழியாக ஆனைமலை, அங்கிருந்து திரும்ப வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குப் பதக்கம். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் துணைக்கு ஓட்ட வேண்டும். வழியில் ஆளுக்கொரு அட்டையில் முத்திரை குத்துவார்கள், அந்த ஒவ்வொரு இடத்தையும் இருவரும் சேர்ந்தே தாண்ட வேண்டும். ஒருவர் நின்றால் இருவரும் நின்றதாகக் கணக்கு. ஒருமுறை எழுதிய பெயரை மாற்றவும் முடியாது.

நேத்ராவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளியில் முதல் மார்க் வாங்கிய அன்றுகூட அப்படி இல்லை. வீட்டுக்கு வந்ததும் படிவத்தை நீட்டினாள். "மாலினி ஆண்ட்டி கூட வர்றேன்னாங்கம்மா. நீ கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

பார்க்கலாம் என்றேன். படிவத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

"ம்மா, கையெழுத்து?" பார்க்கலாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

மழை தூறல். இருந்தாலும் போனோம். மாலினி பின்னால். ஏழு ஞாயிறு, ஏழும் என்னுடையது.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று ஒரு புது ஆள் சேர்ந்தார். மருந்துக் கடை வைத்திருக்கிறவர், நல்ல கனம். அவரை நான் மாதம்பட்டியிலேயே முந்திவிட்டேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் மாலினியைக் காணோம். எனக்குப் பின்னால் எப்போதும் கேட்கும் அவள் செயின் சத்தமும் இல்லை. டீக்கடையில் கந்தவேல் சாரிடம், மாலினி வரவில்லையா என்று சும்மா கேட்டேன்.

"வர்றாங்க அம்மிணி. அந்த மருந்துக்கடைக்காரருக்குப் பின்னாடி வர்றாங்க. அவங்கதான ஸ்வீப்பு."

"அப்படின்னா?"

"கூட்டத்துல கடைசியா யாரு வர்றாங்களோ, அவங்க பின்னாடி நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தரு வரோணுமுங்க. முந்தவே கூடாது. பஞ்சரு, மயக்கம்னா ஆளு வேணுமில்லீங்களா. வாரம் ஒருத்தரா மாறி மாறிச் செய்யறதுதான். நீங்க வந்ததுலருந்து மாலினி நானே செய்யறன்னுட்டாங்க. பாப்பா சொல்லுச்சாமா, எங்கம்மா பின்னால வேற யாரும் வேண்டாம், நீங்களே வாங்கன்னு. தங்கமான புள்ளைங்க உங்க புள்ள."

டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

ஏழு வாரம். நான் மில்லில் சொன்னேனே. கை தட்டினார்களே. இருட்டுப்பள்ளம் மேட்டில் இறங்கித் தள்ளினாளே, அதை என்னிடம் அவள் தோற்றதாக எழுதி வைத்திருக்கிறேனே. அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு என்னைக் குழந்தை மாதிரி நடத்தியிருக்கிறார்கள். என் மகள் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இன்னொருத்தியிடம் கேட்டிருக்கிறாள். நான் கேட்டேனா? யாராவது என்னைக் கேட்டார்களா?

டிசம்பர் 16, திங்கள்

மில்லுக்குக் கிளம்பும் முன் ஃப்ரிட்ஜ் மேலிருந்த படிவத்தை எடுத்துப் பூர்த்தி செய்தேன். துணை வருபவர் பெயர்: வளர்மதி. உறவு: தாய். கையெழுத்தும் போட்டேன். மாலையில் நானே கந்தவேல் சார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மணிக்குப் பதினேழாவது போகோணுமுங்களே அம்மிணி."

"ஒரு மாசம் இருக்குதுல்லங்க" என்றேன்.

நேத்ராவிடம் சொன்னேன். "உன்னால முடியுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஏன் முடியாது என்றேன். அவள் போய்க் கணக்கு நோட்டை விரித்துக்கொண்டாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

முப்பத்தாறு கிலோமீட்டர். மணிக்குப் பதின்மூன்று.

டிசம்பர் 29, ஞாயிறு

நாற்பது. மணிக்குப் பதினான்கு. கடைசிப் பத்தில் கை மரத்துப் போனது. மாலினி வந்து, "அக்கா, புதன்கெழம சாயங்காலம் நான் ஃப்ரீதானுங்க. சேர்ந்து ஓட்டலாமா? வேகம் கூட்டறதுக்கு ஒரு வழி இருக்குது" என்றாள். புதன்கிழமை வேலை இருக்கிறது என்றேன். எந்தப் புதன் மாலையும் எனக்கு வேலை இருந்ததில்லை.

ஜனவரி 8, புதன்

மாலையில் வேலை இல்லை. துணி மடித்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

நாற்பத்தைந்து கிலோமீட்டர். மணிக்குப் பதினான்கரை. நேத்ரா என் பக்கத்திலேயே ஓட்டினாள். பழகிக்கொள்கிறாளாம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து ஓட்டினாள். பேச்சுக் கொடுத்தேன், "ம்" என்றாள். மூன்று மாதமாக நான் ஆசைப்பட்டது இதுதான், அவள் என் பக்கத்தில். சாலை நெடுக ஒரே சத்தம், அவள் பிரேக் சத்தம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது.

ஜனவரி 19, ஞாயிறு

ஆறு மணிக்கு ஈச்சனாரியில் புறப்பட்டோம். பனி. ஆனைமலையில் முதல் முத்திரை, ஒன்பதேகாலுக்குள் அங்கே இருக்க வேண்டும். மாலினி எங்களைத் தாண்டும்போது நேத்ராவைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு அவள் முதுகுகூடத் தெரியவில்லை.

கிணத்துக்கடவு வரை நன்றாகத்தான் போனேன். அதற்கப்புறம் தொடை இரண்டும் கல். பொள்ளாச்சிக்கு முன்னால் இரண்டு முறை நின்றேன். நேத்ரா ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தாள். மணிக்கட்டைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் கவனிப்பேன் என்று தெரிந்து பார்க்காமல் இருந்தாள். எங்களைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும், "வாங்க பாப்பா, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். மருந்துக் கடைக்காரரும் தாண்டினார்.

"நீ போயிரு" என்று ஒருமுறை சொன்னேன்.

"போக முடியாதும்மா. சேர்ந்துதான் போகணும்."

அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். சொன்னேன் என்றாவது இருக்கட்டும் என்று.

ஆனைமலையை அடையும்போது ஒன்பது முப்பத்தேழு. மேசையில் இருந்த பையன்கள் எங்கள் அட்டையில் முத்திரை குத்தவில்லை. நேத்ராவின் நெஞ்சில் குத்தியிருந்த எண் தாளைக் கழற்றித் தரச் சொன்னார்கள். அவளே நான்கு ஊக்கையும் கழற்றி, தாளை மடக்காமல் கொடுத்தாள்.

மாலினி அங்கே ஒரு மணி நேரமாக நின்றிருக்கிறாள். மீதி ஐம்பதுக்கு நான் கூட்டிட்டுப் போறேன் என்று கேட்டுப் பார்த்தாளாம், விதியில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நீங்க பண்ணுனது நல்லாயில்லைங்க. கொஞ்சங்கூட நல்லாயில்லை."

அக்கா இல்லை. சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். அவள் கோபப்பட்டது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. இத்தனை நாள் நல்லவளாகவே இருந்து என்னைக் கொன்றுகொண்டிருந்தாள்.

சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வேனில் திரும்பினோம். பொள்ளாச்சி தாண்டும் வரை நேத்ரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைத் தொட்டு, அடுத்த வருசம் பார்த்துக்கலாம் கண்ணு என்றேன். அவள் திரும்பினாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை. கணக்கில் விடை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"என்கூட ஓட்டணும்னு நீ வரலம்மா. அவங்க என்கூட ஓட்டக் கூடாதுன்னுதான் வந்த."

ஜனவரி 20, திங்கள்

மில்லுக்கு லீவு சொன்னேன். உடம்பு வலி என்று சொன்னேன். உடம்பும் வலித்தது.

உண்மையை எழுதிவிடுகிறேன், இதை யாரும் படிக்கப்போவதில்லை. அன்று படிவத்தில் என் பெயரை எழுதும்போதே என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். முடிந்தால் முடியட்டும், முடியாவிட்டால் அவளும் போக வேண்டாம் என்றுதான் எழுதினேன். பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா? நான் செய்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

நேத்ரா எழுந்திருக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு வாசலில் யாரும் வரவுமில்லை. ஏழரைக்கு எழுந்து வந்தாள். ஆப்பம் சுட்டேன். சமையல் மேடைமேல் உட்காரவில்லை, மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

ஒன்பது மணிக்குக் கிருபாகரன் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆப்பம். நல்லாருக்கு. ஒன்பது மணி.

கேட்டது கிடைத்துவிட்டது. ஞாயிறு காலை முழுவதும் என்னுடையது. மாலினி ஆண்ட்டி சொன்னாங்க என்று ஒரு தடவைகூட வரவில்லை, எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வேறு எதுவும் வரவில்லை. பள்ளியில் என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது. கையுறை அதன் ஹேண்டில்பாரில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேத்ரா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் கிளம்பிப் பேரூருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. கந்தவேல் சார், "வாங்க அம்மிணி" என்றார். மாலினி என்னைப் பார்த்தாள், தலையை மட்டும் அசைத்தாள். இந்த வாரம் ஸ்வீப் வேறு ஆள்.

அதனால் இன்றுதான் முதல்முறையாக மாலினி ஓட்டுவதைக் கவனித்துப் பார்த்தேன். ஆமாம், ஏழு வாரம் என் பின்னாலேயே வந்தவளை ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. கோவிலருகில் புறப்பட்டாள், குனிந்தாள், நான் கியரை மாற்றி முடிப்பதற்குள் வளைவைத் தாண்டிவிட்டாள். கூட ஓட யாரும் இல்லை. முன்னால் தன்னந்தனியாகப் போனாள்.

என் மகள் அந்த வேகத்தில் போகக்கூடியவள். மாலினியோடு பேசிக்கொண்டே அந்த வேகத்தில் போயிருக்கிறாள். அதை ஒருநாளும் நான் பார்க்கவில்லை, பார்க்க முடியாத தூரத்தில்தான் எப்போதும் இருந்தேன். வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே ஆலாந்துறை வரை ஓட்டினேன். எனக்குப் பின்னால் ஸ்வீப்பாக வந்த காலேஜ் பெண், "ஆண்ட்டி, நல்லா ஓட்டறீங்க" என்றாள். முட்டாள் பெண்.

பிப்ரவரி 13, வியாழன்

டிபன் பாக்ஸை எடுக்க நேத்ராவின் பையைத் திறந்தேன். அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு தாள். மார்ச் 2 அன்று மறுபடியும் நூறு கிலோமீட்டர், இந்தத் தடவை தாராபுரம் சாலை. படிவம் கொடுக்கக் கடைசி நாள் நாளை.

பெயர், வயது, ரத்த வகை, பள்ளி எல்லாம் அவள் கையெழுத்தில் அழகாக நிரப்பியிருந்தது. மேலே தேதி பிப்ரவரி 4 என்று இருந்தது. ஒன்பது நாளாகப் பைக்குள் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள். துணை வருபவர் பெயர் என்ற இடம் காலி. பெற்றோர் கையெழுத்து என்ற இடமும் காலி.

அவள் அப்பாவிடம் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். மாலினியிடம் நீட்டியிருந்தால் அவள் பெயரை எழுதியிருப்பாள். இரண்டும் செய்யவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை, என்னைத் தாண்டிப் போகவும் இல்லை. நாளையோடு தேதி முடிந்துவிடும், அதோடு விட்டுவிடலாம் என்று இருந்திருக்கிறாள். பதினான்கு வயதுப் பிள்ளை.

சமையல் மேடைமேல் தாளை வைத்து, நின்றபடியே எழுதினேன். துணை வருபவர் பெயர்: மாலினி. அதை எழுதுவது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அடுத்த கட்டத்தில்தான் கை நின்றுவிட்டது. உறவு.

என்ன எழுதுவது? ஆண்ட்டி என்று எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரிகூட ஆண்ட்டிதான். தெரிந்தவர் என்று எழுதலாம், பயிற்சியாளர் என்று எழுதலாம், யாரும் கேட்கப் போவதில்லை. கந்தவேல் சாருக்கு எல்லாம் தெரியும். குக்கரில் மூன்று விசில் போய்விட்டது, அணைத்துவிட்டு வந்தேன். வந்து சித்தி என்று எழுதினேன். நாலு பேர் படிக்கும்படி தெளிவாகத்தான் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் வயிறு அதே இடத்தில் எரிந்தது. இது போகாது போலிருக்கிறது. இருக்கட்டும், எரிச்சலுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை.

கீழே பெற்றோர் கையெழுத்து. அதற்கு ஒரு சின்னக் கட்டம்தான் விட்டிருந்தார்கள். நான் என் பெயரைக் கட்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டிப் போகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டேன்.